அண்டா யாரிடம் இருக்கிறது? சிறிய அறக்கட்டளைக்கு ஏற்ற பொருள் கணக்கு: ஓர் ஒப்பீடு

ஆடி பிறந்தால் எங்கள் அறக்கட்டளையின் இரண்டு பெரிய அலுமினிய அண்டாக்களும் வெளியே போய்விடும். வியாசர்பாடியில் எங்கள் பக்கத்துத் தெருக்களில் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவர்கள் முதலில் வந்து கேட்பது எங்களிடம்தான். கொடுப்பதில் எங்களுக்கும் சந்தோஷமே. சில ஆண்டுகளுக்கு முன் அவற்றில் ஒன்று திரும்பவில்லை. யார் வாங்கிப்போனார்கள் என்று ஆளுக்கொரு பெயர் சொன்னோம். இருப்புப் பதிவேட்டைப் புரட்டினால் "அண்டா பெரியது 2" என்று மட்டும் எழுதியிருந்தது. ஐப்பசியில், இரண்டு தெரு தள்ளி ஒரு கல்யாணச் சமையலில் அது அகப்பட்டது. விளிம்பில் எங்கள் பெயர் வெட்டியிருந்ததைப் பார்த்துச் சமையல்காரரே சொல்லியனுப்பினார்.

பாத்திரக் கடையில் பெயர் வெட்டிக் கொடுத்தவருக்கு இருந்த முன்யோசனை எங்களுக்கு இல்லை. அடுத்த அறங்காவலர் கூட்டத்தில் "ஒரு சாஃப்ட்வேர் வாங்கிவிடலாம்" என்று ஒருவர் சொல்ல, எது நல்லது என்று பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. இரண்டு ஆண்டுகளாக நோட்டு, கூகுள் ஷீட், டேலி என்ற கணக்கு மென்பொருள், இலவச மென்பொருள் என்று ஒவ்வொன்றாக முட்டி மோதிப் பார்த்ததில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். மாலை நேரப் பாடசாலை, தையல் வகுப்பு, கால்பந்துக் குழு, மழைக்காலத்தில் நிவாரணம் என்று எங்களைப்போல் ஓரிரு அறையை வைத்துக்கொண்டு ஓடுகிறவர்களுக்கு இது உதவும். பெரிய நிறுவனங்களுக்கு ஸ்டோர் மேனேஜர் இருப்பார்; அவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை.

முதலில் ஒரு பிரிவினை. எங்கள் அறையில் இருக்கும் பொருள்கள் இரண்டு சாதி. ஒன்று தங்குவது: தையல் மெஷின், லேப்டாப், கேரம் போர்டு, நாற்காலி, அண்டா. மற்றது போவது: நோட்டுப் புத்தகம், அரிசி, போர்வை, சானிட்டரி நாப்கின். தங்குவதைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி, அது எங்கே, யாரிடம், எந்த நிலையில் இருக்கிறது என்பது. போவதைப் பற்றிய கேள்வி, எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது, மிச்சம் எவ்வளவு, எப்போது காலாவதி என்பது. இரண்டையும் ஒரே பதிவேட்டில் எழுதியதுதான் எங்கள் முதல் தவறு. இரண்டுக்கும் ஒரே மென்பொருள் தேடியது இரண்டாவது தவறு.

இந்தக் கணக்கெல்லாம் எதற்கு என்று கேட்கும் அறங்காவலர்களுக்கு ஒரு வார்த்தை. வரிவிலக்குப் பெற்ற அறக்கட்டளைகள் எந்தெந்தக் கணக்குகளை வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் வருமான வரி விதிகளில் 17ஏஏ என்ற விதி சேர்ந்தது. அசையும் சொத்துகளின் தன்மை, வாங்கிய விலை உட்பட ஒரு பதிவு இருக்க வேண்டும் என்றும், ஆவணங்களைத் தொடர்புடைய மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 10 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்றும் அது சொன்னது. 2025-இல் புதிய வருமான வரிச் சட்டம் நிறைவேறிவிட்டதால், இன்றைய விதி எண் என்ன என்பதை உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியில் வாங்கிய சொத்து யார் பெயரில் இருக்கலாம் என்பதற்கு 2021 ஜனவரியில் வந்த திருத்தம் தனியாக நிபந்தனை போட்டிருக்கிறது. அப்படி நிதி கொடுத்த நிறுவனம் மூன்று ஆண்டு கழித்துகூட "அந்த லேப்டாப்பின் படம் அனுப்புங்கள்" என்று கேட்கலாம். எங்களிடம் கேட்டார்கள். பத்து லேப்டாப்பில் எட்டைத்தான் உடனே காட்ட முடிந்தது. மீதி இரண்டும் பிள்ளைகளின் வீட்டில் பத்திரமாகவே இருந்தன. அதைக் கண்டுபிடிக்க நான்கு நாள் ஆனது.

இப்போது ஒவ்வொன்றாக.

வாட்ஸ்அப்பைச் சொல்லாமல் தொடங்கினால் பொய்யாகிவிடும். எல்லா அமைப்புகளிலும் உண்மையில் நடைமுறையில் இருக்கும் பொருள் கணக்கு அதுதான். பொருள் வந்தால் படம் எடுத்துக் குழுவில் போடுவோம். தேதி தானாக விழுகிறது, யார் போட்டது என்பதும் தெரிகிறது, படம் சாட்சியாக நிற்கிறது. வரவுக்கு இது நல்ல சாட்சி. ஆனால் செலவை யாரும் படமெடுப்பதில்லை. ஆறு மாதம் கழித்துத் தேடினால் காலை வணக்கங்களுக்கும் பிறந்தநாள் கேக்குகளுக்கும் நடுவே நம் தையல் மெஷின் புதைந்து கிடக்கும்.

கட்டு ரிஜிஸ்டர்

அடுத்தது நோட்டு. பாரிமுனைக்குப் பக்கத்தில் ஆண்டர்சன் தெருவுக்குப் போனால் கெட்டி அட்டை போட்ட நான்கு குயர் ரிஜிஸ்டர் கிடைக்கும். செலவு என்று சொல்ல ஒன்றுமில்லை. மின்சாரம் வேண்டாம், நெட் வேண்டாம், பாஸ்வேர்டு வேண்டாம். பக்கங்களுக்கு எண் போட்டுவிட்டால் நடுவில் கிழிக்க முடியாது. அடித்துத் திருத்தினால் தெரிந்துவிடும். கணினியில் ஒரு கட்டத்தை மாற்றுவதைவிட நோட்டில் பொய் எழுதுவது கடினம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பெரம்பூரில் ரயில்வே ஸ்டோரில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் எங்களோடு தன்னார்வலராக இருக்கிறார். பிள்ளைகளுக்கு அவர் ரயில்வே தாத்தா, எங்களுக்கு சார். அவர் வந்த முதல் வாரத்தில் எங்கள் பதிவேட்டைப் பார்த்துவிட்டு, "இது பட்டியல், கணக்கு இல்லை" என்றார். ஒவ்வொரு வரவுக்கும் செலவுக்கும் ஒரு வரி, அந்த வரியின் கடைசிக் கட்டத்தில் மீதி. மீதி எழுதாத நோட்டு கணக்கே அல்ல என்பது அவர் கட்சி. அலமாரித் தட்டு ஒவ்வொன்றிலும் ஒரு அட்டையைக் கட்டித் தொங்கவிடச் சொன்னார். தொழிற்சாலை ஸ்டோர்களில் பின் கார்டு என்பார்களே, அதுதான். நோட்டுப் புத்தகம் இருக்கும் தட்டில் அதன் அட்டை. எடுக்கிறவர் அங்கேயே எழுதிவிட்டுப் போக வேண்டும். அட்டையில் இருக்கும் மீதியும் தட்டில் இருக்கும் மீதியும் ஒரு நோட்டம் பார்த்தாலே ஒத்துப்போகிறதா என்று தெரியும். போகிற சாதிப் பொருளுக்கு இதைவிட நல்ல முறையை நான் இன்றுவரை பார்க்கவில்லை.

நோட்டின் பலவீனம் எங்களுக்கு 2023 டிசம்பரில் தெரிந்தது. மிக்ஜாம் புயல் மழையில் கீழ்த்தளத்தில் இருந்த எங்கள் அறைக்குள் முழங்கால் அளவு தண்ணீர். பதிவேடு கீழ்த்தட்டில் இருந்தது. தண்ணீர் வடிந்தபின் அதை வெயிலில் விரித்து வைத்தோம். ஜெல் பேனாவில் எழுதிய பக்கங்கள் முழுக்க நீலக் குளம். ஓர் எழுத்து மிஞ்சவில்லை. பால் பாயிண்ட் பேனாவில் எழுதிய பக்கங்கள் காகிதம் அப்பளமாக வளைந்திருந்தாலும் அப்படியே படிக்க முடிந்தது. அந்த மை எண்ணெயில் குழைத்தது, தண்ணீருக்குக் கரையாது. அன்று முதல் எங்கள் ஸ்டோரில் ஜெல் பேனாவுக்குத் தடை. வாரம் ஒருமுறை பக்கங்களைக் கைப்பேசியில் படமெடுத்து கூகுள் டிரைவில் போடுவதும் அன்று தொடங்கியதுதான்.

இன்னொரு குறை, நோட்டு ஓர் இடத்தில்தான் இருக்கும். எங்கள் திருவொற்றியூர் மையத்தில் இருப்பவருக்கு வியாசர்பாடியில் எத்தனை போர்வை இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் போன் போட வேண்டும். தேடுவதும் சிரமம். "வெளிநாட்டு நன்கொடையில் வாங்கியவை மட்டும்" என்று ஆடிட்டர் கேட்டால் ஒரு நாள் முழுக்கப் பக்கம் புரட்ட வேண்டும்.

ஷீட்

இந்த இடத்தில்தான் கூகுள் ஷீட்ஸ் உதவுகிறது. பதிவுபெற்ற லாபநோக்கற்ற அமைப்புகளுக்கு கூகுள் தன் அலுவலகச் சேவைகளின் ஒரு பதிப்பை இலவசமாகவே தருகிறது. விண்ணப்பித்துச் சரிபார்ப்பு முடியச் சற்றுப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். அதை வாங்கிவிடுவதில் ஒரு பெரிய நன்மை உண்டு: ஷீட் அமைப்பின் கணக்கில் இருக்கும். தனிநபரின் ஜிமெயிலில் தொடங்கிய ஷீட், அவர் விலகும்போது அவரோடு போய்விடும். பக்கத்து அமைப்பு ஒன்றில் இதனாலேயே இரண்டு ஆண்டுக் கணக்கு காணாமல் போனது.

தங்குகிற பொருளுக்கு ஷீட் கச்சிதம். வரிசை எண், பொருள், வாங்கியதா நன்கொடையா, யாருடைய நிதி, தேதி, விலை, எந்த மையம், யாரிடம், நிலை, கடைசியாகக் கண்ணால் பார்த்த தேதி. இந்தக் கடைசிக் கட்டத்தை விட்டுவிடாதீர்கள். மற்ற எல்லாக் கட்டங்களும் நாம் எழுதி வைத்த கதை. இது ஒன்றுதான் பொருளைப் போய்ப் பார்த்ததற்கு அத்தாட்சி. "யாருடைய நிதி" என்ற கட்டம் ஆடிட் நேரத்தில் சோறு போடும். நன்கொடையாக வந்த பழைய லேப்டாப்புக்கு என்ன விலை போடுவது என்று திணறாமல், அதே வயதுடைய பொருள் சந்தையில் போகும் விலையை எழுதி, எப்படிக் கணித்தோம் என்று ஒரு வரி குறித்தால் போதும் என்றார் எங்கள் ஆடிட்டர். பொருள் கொடுத்துவிட்டு, நன்கொடையாளருக்கு வரிச்சலுகை தரும் ரசீது (80ஜி என்று சொல்லிப் பழகியது) கேட்பவர்களிடம் மென்மையாக மறுத்துவிடுங்கள். அந்தச் சலுகை பணமாகத் தரும் நன்கொடைக்கு மட்டுமே.

ஷீட்டின் ஆபத்து அதன் சுதந்திரத்தில் இருக்கிறது. ஒருவர் "தையல் மெஷின்" என்று எழுதுவார், இன்னொருவர் "தையல் இயந்திரம்", மூன்றாமவர் ஆங்கிலத்தில். வடிகட்டிப் பார்த்தால் மூன்று தனிப் பொருள்கள். கட்டத்துக்குள் தேர்வுப் பட்டியல் வைத்து, தலைப்பு வரிசையைப் பூட்டிவிட்டால் பாதித் தொல்லை தீரும். யாரோ தெரியாமல் அழித்துவிட்டாலும் பதிப்பு வரலாற்றில் போய் மீட்கலாம். மீட்க முடியாதது ஒன்று உண்டு: எழுதாமலே விட்டது. சாவி வைத்திருக்கும் அக்காவிடம் ஸ்மார்ட்போன் இருக்கிறது. ஆனால் ஒரு கையில் அரிசி மூட்டையின் வாயைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கைப்பேசித் திரையில் சின்னக் கட்டத்தைத் தேடித் தட்டச் சொல்வது அநியாயம். "சாயங்காலம் ஏத்திடறேன்" என்று தட்டிக்கழிக்காமல் அவர் நேராகவே சொன்னார்: "தம்பி, நான் எழுதித் தருகிறேன், நீ ஏற்றிக்கொள்." அதுவே இன்று எங்கள் முறை.

கியூஆர் ஸ்டிக்கர் ஆசை எல்லோருக்கும் வரும், எனக்கும் வந்தது. கூகுள் ஃபார்மில் முன்கூட்டியே நிரப்பிய இணைப்பு எடுக்கும் வசதி உண்டு. பொருளின் எண்ணை அதில் நிரப்பி, அந்த இணைப்பைக் கியூஆராக மாற்றி ஒட்டினால், ஸ்கேன் செய்தவுடன் அந்தப் பொருளுக்கான படிவம் திறக்கும். பைசா செலவில்லை. ஆனால் இரண்டு எச்சரிக்கை. "டைனமிக்" கியூஆர் என்று தரும் தளங்களிடம் போகாதீர்கள். அந்தக் கியூஆர் நடுவில் அவர்களுடைய முகவரி வழியாகப் போகும். சந்தா முடிந்தால் உங்கள் ஸ்டிக்கர் ஊமையாகிவிடும். இரண்டாவது, ஒட்டும் இடம். காசிமேடு, எண்ணூர் பக்கம் உப்புக்காற்றில் காகித ஸ்டிக்கர் ஒரு மழைக்காலத்தைத் தாண்டாது. தெர்மல் பிரிண்டரில் அடித்தது வெயிலில் மங்கிவிடும். பாலியஸ்டர் ஸ்டிக்கரில் அடித்து, கியூஆரின் பிழைதிருத்த அளவை உச்சத்தில் வையுங்கள். எச் எனப்படும் அந்த அளவில் கியூஆர் சுமார் 30 சதவீதம் சேதமானாலும் படிக்க முடியும். எங்கள் அனுபவத்தில் லேப்டாப்பிலும் புரொஜெக்டரிலும் ஸ்டிக்கர் நின்றது. கேரம் போர்டில் பிள்ளைகள் ஒரே வாரத்தில் உரித்துவிட்டார்கள். இப்போது போர்டின் அடியில் பெயிண்டில் எண். நாற்காலிக்கும் பெயிண்ட். பாத்திரத்துக்கு, நம் அம்மாக்கள் கண்ட வழி: வெட்டிவிட வேண்டியதுதான். எங்கள் பெயரோடு இப்போது எண்ணையும் சேர்த்து வெட்டுகிறோம்.

டேலி

ஆடிட்டர் அலுவலகத்தில் ஏற்கெனவே டேலி ஓடுகிறது, அதிலேயே ஸ்டாக்கையும் வைத்துக்கொள்ளலாமே என்பது நியாயமான கேள்வி. முடியும். பொருள்வாரியாக இருப்பு, குடோன்வாரியாகப் பிரிப்பு எல்லாம் அதில் உண்டு. பணக் கணக்கும் பொருள் கணக்கும் ஒரே இடத்தில் சேர்வது பெரிய வசதி. ஆனால் பதிவு நடப்பது ஆடிட்டர் அலுவலகத்தில், மாதக் கடைசியில், பில்லைப் பார்த்து. நடமாட்டம் நடப்பது நம் அறையில், தினமும், பில் இல்லாமல்.

எங்கள் தையல் மெஷின் கதையைச் சொல்கிறேன். 8,000 ரூபாய்க்கு வாங்கியது. இயந்திரத்துக்கு ஆண்டுக்கு 15 சதவீதத் தேய்மானம் என்ற கணக்கில் முதலாண்டு முடிவில் 6,800, அடுத்து 5,780, அதற்கடுத்து 4,913. மூன்றாம் ஆண்டு இருப்புநிலைக் குறிப்பில் அது 4,913 ரூபாய்க்குத் திடகாத்திரமாக உயிரோடிருந்தது. உண்மையில் இரண்டாம் ஆண்டே மழையில் துருப்பிடித்து, எங்களில் ஒருவர் நல்ல எண்ணத்தில் காயலான் கடைக்குப் போட்டுவிட்டார். யாரும் ஆடிட்டரிடம் சொல்லவில்லை. டேலி என்ன செய்யும், பாவம், எழுதியதைத்தானே காட்டும். டேலியில் சொத்தின் மதிப்பு இருக்கட்டும். சொத்து இருக்கும் இடம் வேறெங்காவது இருக்க வேண்டும். இரண்டையும் இணைப்பது ஒரே எண். வவுச்சரிலும் அதே எண், ஷீட்டிலும் அதே எண், பொருளின் மேலும் அதே எண்.

இலவச மென்பொருள்கள்

ஸ்னைப்-ஐடி என்று ஒரு திறமூல மென்பொருள், அதாவது யாரும் இலவசமாக எடுத்து நிறுவிக்கொள்ளக்கூடியது, உண்டு. சொத்துக் கணக்குக்கென்றே எழுதப்பட்டது. யாரிடம் எப்போது கொடுத்தோம், எப்போது திரும்பியது என்ற வரலாறு தானாகச் சேரும், லேபிள் அச்சிடும், பெற்றுக்கொண்டவரின் கையெழுத்தையும் வாங்கி வைக்கும். அலுவலகக் கணினிகளை மனதில் வைத்துச் செய்தது என்பதால் ஒவ்வொரு சொத்துக்கும் மாடல் கேட்கும். அண்டாவுக்கு மாடல் என்ன என்று அரைமணி நேரம் யோசித்து "50 படி" என்று எழுதினேன். அது மென்பொருளின் குற்றமல்ல. நாற்பது ஐம்பது லேப்டாப், டேப்லெட் பிள்ளைகள் கையில் சுற்றும் அமைப்பாக இருந்தால் இதைத்தான் முதலில் பரிந்துரைப்பேன்.

இலவசம் என்பது உரிமத்துக்கு மட்டும். நாமே நிறுவினால் சர்வர் வாடகை, புதுப்பிப்பு, பேக்கப் எல்லாம் நம் பொறுப்பு. எங்களுக்கு நிறுவிக் கொடுத்தவர் ஒரு கல்லூரி மாணவர், கெட்டிக்காரர். அவருக்கு பெங்களூரில் வேலை கிடைத்தது. சர்வர் வாடகை அவர் கார்டிலிருந்தே போய்க்கொண்டிருந்ததை நாங்களும் கவனிக்கவில்லை, அவரும் கேட்கக் கூச்சப்பட்டார். கார்டு காலாவதியான மாதம் தளம் நின்றது. பேக்கப் எடுக்கச் சொல்லி யாரும் அவரிடம் கேட்டிருக்கவில்லை. முழுக்க எங்கள் தவறு.

இந்தியாவிலேயே உருவான இஆர்பிநெக்ஸ்ட்டும் திறமூலம்தான். கொள்முதல், கிடங்கு, கணக்கு, சொத்து என்று எல்லாம் அடங்கியது. நான்கைந்து மையம், சம்பளத்துக்கு ஒரு கணக்கர், ஒரு கிடங்குப் பொறுப்பாளர் இருக்கும் அமைப்புக்கு அது பொருந்தும். ஓர் அறைக்கு அதைப் போடுவது கொசு அடிக்கக் கோடாலி. மாதச் சந்தா கேட்கும் செயலிகளைப் பற்றி ஒரே வரி: நிதி வராத மாதத்தில் முதலில் நிற்பது சந்தா, அதோடு கணக்கும்.

கோபோ டூல்பாக்ஸைத் தனியாகச் சொல்ல வேண்டும். மனிதநேயப் பணிகளில் களத்தில் தகவல் திரட்ட உருவானது. கைப்பேசியில் தமிழிலேயே படிவம் வைக்கலாம். நெட் இல்லாமலும் நிரப்பி, சிக்னல் வந்தபின் அனுப்பலாம். 2023 டிசம்பரில் வெள்ளம் வடியுமுன்னே எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்து, மீனவக் குப்பங்களுக்குத் துணியும் பாயும் அரிசியும் ஏற்றிக்கொண்டு ஓடினோம். எவ்வளவு ஏற்றினோம், எவ்வளவு இறக்கினோம் என்பதற்கு மூன்று பேரிடம் மூன்று எண்கள் இருந்தன. அன்று இது தெரிந்திருந்தால் வண்டியில் ஏற்றும்போது ஒரு படிவம், இறக்கும்போது ஒரு படிவம் என்று முடித்திருக்கலாம். ஆண்டு முழுக்க வைத்து நடத்த அல்ல. நிவாரண நாள்களுக்கும் ஆண்டிறுதி எண்ணிக்கைக்கும் மட்டும். பெற்றுக்கொள்கிறவரின் ஆதார் எண்ணைப் படிவத்தில் கேட்காதீர்கள். அரிசி கொடுக்க அது தேவையில்லை, கசிந்தால் பதில் சொல்ல நம்மால் முடியாது.

எங்கள் முடிவு என்னவென்றால், போகிற பொருளுக்கு ரிஜிஸ்டரும் தட்டு அட்டையும். தங்குகிற பொருளுக்கு ஷீட். மதிப்புக்கு ஆடிட்டரின் டேலி. மூன்றுக்கும் பொதுவான எண். சனிக்கிழமை மாலை நான் போய் ரிஜிஸ்டரைப் படமெடுத்து, அண்டா, மெஷின், போர்டு நடமாட்டத்தை ஷீட்டில் ஏற்றுகிறேன்; இருபது நிமிடம் ஆகிறது. கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது நான் வைத்துக்கொண்ட அளவுகோல் ஒன்றே: கதவைத் திறக்கிறவர், பொருள் கையை விட்டுப் போகும் அந்த அரை நிமிடத்தில் அதில் எழுத முடியுமா? முடியாது என்றால், எவ்வளவு அழகான திரையாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

மார்ச் 31-ஐ ஒட்டி வரும் ஞாயிற்றுக்கிழமை எண்ணிக்கை. எண்ணுகிறவர்கள் இருவர், சாவி வைத்திருப்பவர் அதில் சேரக் கூடாது என்பது ரயில்வே சாரின் கண்டிப்பு. பட்டியலைப் பார்த்துப் பொருளைத் தேடுவது ஒரு சுற்று. பிறகு அறையில் கைக்கு வந்த பொருளை எடுத்து, அது பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்பது மறு சுற்று. முதல் சுற்றில் தொலைந்தது தெரியும். இரண்டாவதில் எழுதாமல் விட்டது தெரியும். சென்ற முறை இரண்டாம் சுற்றில் யார் கொடுத்தது என்றே தெரியாத ஒரு சக்கர நாற்காலி கிடைத்தது. உடைந்ததைக் கழிப்பதென்றால் அறங்காவலர் கூட்டத் தீர்மானம், காயலான் கடை ரசீது, அதன் நகல் ஆடிட்டருக்கு. தையல் மெஷின் கற்றுக்கொடுத்தது.

இந்த ஆடியில் அண்டா போன கதையோடு நிறுத்திக்கொள்கிறேன். கதவுக்குப் பின்னால் ஆணியில் ரிஜிஸ்டர், நூலில் கட்டிய பால் பாயிண்ட் பேனா. கேட்டு வந்த அண்ணனிடம் அக்கா பெயர், தெரு, கைப்பேசி எண், திருப்பித் தரும் தேதி எல்லாம் எழுதி வாங்கிக் கையெழுத்தும் போடவைத்தார். "அண்டாவுக்கு இவ்வளவா?" என்று அவர் சிரித்துக்கொண்டே போட்டார். சொன்ன தேதிக்கு மறுநாளே அண்டா 1 கழுவித் துடைத்து வந்து சேர்ந்தது. மூடிக்கு நாங்கள் எண் வெட்டியிருக்கவில்லை. அது இன்னும் வரவில்லை.